ஓடாத காரும் நெடுவழியும்

ஓடாத காரொன்றைத் தொலைதூரத்திலிருந்து குறைந்த செலவில் வருவிப்பது எவ்வாறு என்ற கேள்வி, பழைய கார்களின்மீது பிரியம் வைத்தவர்கள் எல்லோரையும் என்றாவது ஒருநாள் எதிர்ப்பட்டே தீரும். கொல்கத்தாவில் யாரோ ஒருவருடைய காரேஜின் மூலையில் பல வருஷங்களாகத் தூசு படிந்து கிடக்கும் அம்பாஸடரையோ, மும்பையின் புறநகர்க் குடியிருப்பொன்றில் மழையிலும் வெயிலிலும் நின்று கதவடியெல்லாம் துருவேறிப்போன பிரீமியர் பத்மினியையோ, சென்னையில் 1961 முதல் பத்தாண்டுக் காலம் உற்பத்தியாகி இன்று நாட்டின் மூலைமுடுக்குகளில் மட்டும் தட்டுப்படும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ சகாய விலைக்கு வாங்கி முடித்தவர், வாங்கிய சந்தோஷம் ஆறுவதற்குள்ளாகவே ஒரு விசித்திரமான நிலைமையைக் காண்கிறார். காருக்குக் கொடுத்த விலையைக் காட்டிலும், அதை ஊர் கொண்டுவந்து சேர்ப்பதற்குக் கேட்கப்படும் கூலி அதிகமாக இருக்கிறது. பத்து இடங்களில் விசாரித்தால் பத்து விதமான தொகைகள் சொல்லப்படுகின்றன. மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், இவர்கள் எல்லோரும் ஒரே காரைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்ற சந்தேகமே வந்துவிடும்.

அந்தச் சந்தேகம் முற்றிலும் தவறானதன்று. இந்த விஷயத்தைக் கவனித்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு: ஓடாத காரின் கூலியை நிர்ணயிப்பது தூரமன்று, அது ஏறுகிற இடமும் இறங்குகிற இடமுமே. கொல்கத்தாவிலிருந்து புவனேசுவரம், விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர் வழியாகச் சென்னைக்கு வரும் பதினாறாம் எண் தேசிய நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,700 கி.மீ. நீளமுள்ளது. அந்த நெடுவழியில் தினந்தோறும் நூற்றுக்கணக்கான லாரிகள், நம்முடைய காருக்காக அல்லாமல் தங்கள் சொந்தக் காரியமாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் ஓரிடம் கிடைத்துவிட்டால் நடுவழிச் செலவு ஒருவாறு அடங்கிவிடும். ஆனால் சக்கரம் சுற்றாத ஒரு டன் இரும்பைத் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குத் தூக்கி வைப்பதும், மறுமுனையில் அதேபோல் இறக்குவதும், கிரேனும் ஆள்களும் அரைநாட் பொழுதும் இருமுறை வேண்டுகிற காரியங்கள். ஆகவே மலிவு என்பது லாரி பேசுவதில் தொடங்குவதில்லை; கார் நிற்கிற முற்றத்திலேயே தொடங்குகிறது.

லாரி புக்கிங் ஆபீஸில் இருப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். காரின் வயது, அழகு, சரித்திரம் ஆகியவற்றை நாம் விவரித்துக்கொண்டே போனாலும் அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்க சார், கார் உருளுமா?” என்று ஒரே கேள்வியில் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. நான்கு சக்கரங்களும் தடையின்றிச் சுற்றுமா, ஸ்டியரிங் திரும்புமா, பிரேக் பிடிக்குமா என்பன அவை. எஞ்சின் ஓடாது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே அன்று. எஞ்சின் ஓடாமல் மற்ற மூன்றும் சரியாயிருக்கும் கார், ஏற்றும் கணக்கில் ஏறக்குறைய ஓடுகிற காரேயாகும். நாலு பேர் தள்ளினால் பலகை ஏறிவிடும். பிரேக் மட்டும் இல்லாத கார் சற்று அபாயகரமானது. ஆனால் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்துக்கொண்டே நகர்த்தத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். சக்கரமே சுற்றாத காருக்குத்தான் கூலி ஒரேயடியாக உயர்கிறது. சட்டமே துருவால் அரிக்கப்பட்டு, தூக்கினால் நடுவில் மடியுமோ என்று அஞ்சும்படியான கார் நான்காவது வகை. அதற்குச் சிக்கன யோசனை சொல்ல யாராலும் இயலாது.

எனவே, லாரிக்காரருடன் பேசுவதற்கு முன்பாக உள்ளூர் மெக்கானிக் ஒருவருக்கு ஒருநாட் கூலி கொடுத்துக் காரை உருளச் செய்துவிடுவதே முதற் சிக்கனம். நெடுநாள் நின்ற காரின் சக்கரங்கள் சுற்ற மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பிரேக்கே. பழைய அம்பாஸடரிலும் பத்மினியிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்குகள். ஈரம் படிந்த டிரம்மின் உட்புறம் துருவேறி, பிரேக் ஷூவின் லைனிங் அதனோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்திய புண்ணியவானாக இருந்தால், பின்சக்கரங்களின் கேபிளும் அதன் உறைக்குள்ளேயே இறுகிப்போயிருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் விளிம்பைச் சுற்றிலும் மரச்சுத்தியால் பொறுமையாகத் தட்டிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் ‘டக்’ என்ற சப்தத்துடன் பிடி விடுவதைக் கேட்கலாம். இரும்புச் சுத்தியால் ஓங்கி அடிப்பவர்கள் வார்ப்பிரும்பு டிரம்மைக் கீறிவிடுகிறார்கள். அதற்கு மாற்று டிரம் தேடி அலையும் செலவு, மிச்சம் பிடித்த கூலியையெல்லாம் விழுங்கிவிடும்.

பிரேக் விட்டுக்கொடுத்த பிறகும் பின்சக்கரங்கள் அசையவில்லையானால் கியர்பாக்ஸையோ டிஃபரென்ஷியலையோ சந்தேகிக்க வேண்டும். கியர் நியூட்ரலுக்கு வரவில்லை என்றாலும் கவலைப்படுவதற்கில்லை. இந்தப் பழைய கார்களெல்லாம் பின்சக்கரங்களால் உந்தப்படுபவை ஆதலால், அடியில் படுத்துக்கொண்டு ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள சம்பந்தமே அறுந்துபோகும். கழற்றிய ஷாஃப்ட்டைக் கம்பியால் மேலே கட்டிவிடாமல் டிக்கியில் போட்டுவிட்டு, பின்னர் அதன் போல்ட்டுகளை எங்கே வைத்தோம் என்று தேடுவோர் பலர். டயர்கள் வெடித்துக் கந்தலாகியிருந்தால் புதிதாக வாங்க வேண்டுவதில்லை. அம்பாஸடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14 என்ற அளவுள்ள டயர்களோடு கூடிய பழைய சக்கரங்களை, அந்த ஊர்ப் பழைய இரும்புக் கடையிலோ, டாக்ஸி மெக்கானிக்கிடமோ விலைக்கோ இரவலுக்கோ பெற்றுவிடலாம். காற்று ஒருநாள் நின்றால் போதும். ஏற்றவும் இறக்கவும்தானே அவை வேண்டும்.

இனி, போக்குவரத்து முறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, வேறொரு வண்டியில் கயிற்றைக் கட்டி இழுத்து வந்துவிடலாமே என்பது. ஊருக்குள் ஒர்க்‌ஷாப் வரையில் இழுத்துச் செல்வதற்கு இது பழக்கமான வழிதான். நெடுவழிக்கு இதைப் பற்றி யோசிப்பதே பிழை. 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகள் இவ்வாறு இழுத்துச் செல்லும்போது இரு வண்டிகளுக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாதென்றும், மணிக்கு 24 கி.மீ. வேகத்தைத் தாண்டலாகாதென்றும் வகுத்திருந்தன. அந்த வேகத்தில் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு இடைவிடாமல் வந்தாலும் ஏறக்குறைய 70 மணி நேரமாகும். விதி ஒருபுறமிருக்க, கயிற்றின் பின்முனையில் பிரேக் சரியில்லாத காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருடைய உயிருக்கு யார் ஜவாப்தாரி? சொந்த ஜீப்பின் பின்னால் டிரெய்லர் ஒன்றை மாட்டி, அதன்மேல் காரை ஏற்றிக்கொண்டு வருவது அமெரிக்காவில் சாமானியர்களும் கையாளும் வழி; அங்கே அத்தகைய டிரெய்லர்கள் ஊர்தோறும் வாடகைக்குக் கிடைக்கின்றன. நம் நாட்டில் அந்த வசதி பரவவில்லை.

சாலையில் நின்றுபோன கார்களை எடுத்துச் செல்லும் ரிகவரி வண்டி, அதாவது சாய்ந்து இறங்கும் தட்டும் வின்ச்சும் கொண்ட வண்டி, ஏற்றி இறக்கும் சிரமத்தை முழுவதுமாகத் தீர்த்துவிடுகிறது. சக்கரம் சுற்றாத காரைக்கூட வின்ச்சினால் இழுத்துத் தட்டில் சேர்த்துவிடுவார்கள். ஆனால் அது தன் ஊருக்கு வெறுமனே திரும்ப வேண்டியிருப்பதால், போகும் தூரத்துக்கும் வரும் தூரத்துக்கும் சேர்த்தே கணக்குப் போடப்படுகிறது. நூறு, இருநூறு கி.மீ. வரையில் இதைவிட உசிதமான உபாயம் இல்லை. அதற்கு மேல் போகப் போக, ஒரு காருக்காக ஒரு லாரியை இருமுறை ஓட்டிய செலவு நம் தலையில் விழுகிறது. ஆயினும் இதை முற்றிலும் தள்ளிவிடலாகாது. நீண்ட பிரயாணத்தின் இரண்டு முனைகளிலும், கார் கிடக்கும் சந்திலிருந்து லாரி நிற்கும் சாலை வரையிலும், லாரி இறக்கிவிட்ட இடத்திலிருந்து வீடு வரையிலும் இதையே அமர்த்துவது, பல சமயங்களில் கிரேன் வைப்பதைக் காட்டிலும் லாபமாக முடிகிறது.

புதுக் கார்களை ஆலையிலிருந்து விற்பனை நிலையங்களுக்குக் கொண்டுசெல்லும் மூடிய நீண்ட கேரியர்களைச் சாலையில் காணாதவர் இல்லை. மழை, கல், தூசு எதுவும் படாமல் வந்து சேர்வதால் அருமையான கார்களை வைத்திருப்போர் இதையே விரும்புகிறார்கள். இதன் கூலி எந்தத் திசையில் மலியும், எந்தத் திசையில் ஏறும் என்பது கவனிக்கத்தக்க விஷயம். சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலிருந்து வடக்கே போகும் கேரியர், குருகிராம், மானேசர் ஆலைகளின் கார்களை ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்ப வழியிருக்கிறது. ஆதலால் டில்லி மார்க்கத்தில் அதற்கு இருபுறமும் வேலையுண்டு. கொல்கத்தாவின் சமாசாரம் வேறு. ஹூக்ளி நதிக்கரையில் உத்தரபாராவில் 1950-களின் இறுதியிலிருந்து அம்பாஸடரை உற்பத்தி செய்துவந்த ஆலை 2014-இல் நின்றுபோனபின், அந்நகரத்துக்குப் புதுக் கார்களைக் கொண்டுபோய் இறக்கிய கேரியர்களுக்குத் திரும்பும் வழியில் ஏற்றுவதற்குப் புதுக் கார் இல்லை. தான் பிறந்த ஊரில் கார் பிறப்பது நின்றுபோனதன் பயனாக, ஓர் அம்பாஸடர் மலிவாகத் தெற்கே வருவதற்கு இடம் கிடைக்கிறது. இந்த வேடிக்கையைச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஆனால் கேரியர்காரர்களில் பெரும்பாலோர், தானே ஓடி ஏறாத காரை ஒப்புக்கொள்வதில்லை. மேல்தட்டுக்குச் செல்லும் சாய்வு செங்குத்தானது. ஓடாத காரை அதில் தள்ளி ஏற்றுவது இயலாத காரியம். கீழ்த்தட்டின் கடைசி இடத்தைக் கேட்டு, உருளும் என்று உறுதி சொல்லி, தள்ளுவதற்கு ஆள்களையும் நாமே அமர்த்துவதாக ஒப்புக்கொண்டால் சிலர் இசைவார்கள்.

என் அபிப்பிராயத்தில், சாதாரண மனிதருக்கு எல்லாவற்றிலும் ஏற்றது ரிட்டர்ன் லோடு லாரியே. சரக்கை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் லாரி, வெறும் வண்டியாகத் திரும்பினாலும் டீசல், சுங்கம், டிரைவர் பேட்டா ஆகிய செலவுகளைச் செய்தே தீர வேண்டும். அதனால் வழியிலே கிடைக்கும் எந்த வாடகையும் அதற்கு வரவுதான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களின் லாரிகள் நாடு முழுவதும் ஓடுகின்றன என்பது தெரிந்ததே. ஆகவே வடநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கார் கொண்டுவர விரும்புவோர், அந்த ஊரில் லாரி தேடுவதைவிட இங்கேயுள்ள புக்கிங் ஆபீஸில் சொல்லிவைப்பது மேல். கொல்கத்தாவிலோ நாகபுரியிலோ நம்மூர் வண்டி எது நிற்கிறது, எப்போது திரும்புகிறது என்பது அவர்களுக்கு ஒரு போனில் தெரிந்துவிடும். இதற்கு நாம் செலுத்த வேண்டிய விலை பணமன்று, பொறுமை. “நாளைக்கே ஏத்தணும்” என்பவருக்கு ஒரு வாடகை. “எப்ப ஆனாலும் சரி, பத்து நாள்ல வந்தாப் போதும், அண்ணே” என்பவருக்கு வேறொரு வாடகை. பல வருஷம் அசையாமல் நின்ற கார் இன்னும் பத்து நாள் நிற்பதால் குடிமுழுகிவிடுவதில்லை என்பதை, வாங்கிய ஆவலில் நாம்தான் மறந்துவிடுகிறோம்.

இங்கே அளவு விவரம் ஒன்று அவசியமாகிறது. அம்பாஸடரின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர், அதாவது பதினான்கு அடிக்குச் சற்று மேல். அகலம் ஐந்தரை அடி. ஆகையால் அதற்குப் பதினேழு அடிப் பாடியுள்ள லாரி வேண்டும். பத்மினியின் நீளம் பதின்மூன்று அடிக்குள் அடங்குவதால் பதினான்கு அடி வண்டியே போதும். அம்பாஸடரின் எடை ஒரு டன்னுக்குச் சிறிது மேல்; அந்த லாரியோ அதைப்போல் சில மடங்கு எடையைச் சுமக்கவல்லது. எடையால் பார்த்தால் நாம் கொடுக்க வேண்டியது கால்வாசி வாடகைதான். ஆனால் கார் என்பது எடை குறைந்து இடம் நிறைக்கும் சரக்கு. அதன் தலைமேல் வேறெதையும் அடுக்க முடியாது. தரைப்பரப்பு முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் சிறிய லாரி முழுவதையும் அமர்த்துவதைவிட, பெரிய லாரியின் பின்பாதியில் ஓரிடம் பேசுவது சில வேளைகளில் மலிவாக அமைகிறது. முன்பாதியில் என்ன சரக்கு வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரும்புக் கம்பியோ டைல்ஸோ ஆனால் வழியில் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் அது பின்னால் சரிந்து காரின் மூக்கை நசுக்கும். பஞ்சு மூட்டையோ பிளாஸ்டிக் சாமானோ ஆனால் பயமில்லை.

இனி ஏற்றும் காரியம். லாரியின் தரை நிலத்திலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு அடி நீளப் பலகையை அதற்குச் சாய்த்தால் மூன்றுக்கு ஒன்று என்ற சாய்வு ஏற்படுகிறது. 1,150 கிலோ எடையுள்ள காரை அதில் இழுக்க, உராய்வைக் கணக்கில் சேர்க்காமலே, ஏறத்தாழ 380 கிலோ விசை வேண்டும். பலகையை இருபது அடியாக நீட்டினால் விசை 230 கிலோவாகக் குறைகிறது. ஆறு பேர் தள்ளி மூச்சுவாங்கும் வேலைக்கும், ஒருவர் செயின் புல்லியால் நிதானமாக இழுக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அதோடு, செங்குத்தான பலகையில் அம்பாஸடரின் நீண்ட வால்புறம் தரையில் உரசிப் பம்பர் வளைவதும் தவிர்க்கப்படுகிறது. ஆனால் இவ்வளவு நீண்ட பலகையைத் தேடுவதைக் காட்டிலும், உயரம் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும் இடத்துக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போய்விடுவது சாமர்த்தியம். அரிசி ஆலைகளின் சரக்கு மேடை, பழைய கிட்டங்கி வாசல், செங்கல் சூளையின் மண்மேடு, ஏரிக்கரையை ஒட்டித் தாழ்ந்த களம் இவற்றுள் ஏதாவது ஒன்று எந்த ஊரிலும் அகப்படும். லாரியைப் பின்புறமாக அந்த மேட்டோடு ஒட்டி நிறுத்தி, இடைவெளிக்கு இரண்டு கனத்த பலகைகளைப் போட்டுவிட்டால், நான்கு பேர் பேசிக்கொண்டே காரை உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அரிசி ஆலை மேடையொன்றில் இவ்வாறு ஓர் அம்பாஸடர் ஏறியதைப் பார்த்தேன். கூலியாள்கள் தள்ள, ஆலையின் கணக்குப்பிள்ளை ஜன்னல் வழியே கைநுழைத்து ஸ்டியரிங்கைத் திருப்ப, லாரி டிரைவர் எதிரே நின்று இரு கைகளாலும் வழிகாட்ட, டீக்கடைக்கு அனுப்பிய பையன் திரும்புவதற்குள் கார் உள்ளே நின்றுவிட்டது.

மேடே கிடைக்காத இடத்தில் ஹைட்ரா கிரேனைத்தான் நாட வேண்டும். அதன் வாடகை மணிக்கணக்கில் வசூலிக்கப்படுவதும், ஐந்து நிமிஷ வேலைக்கும் குறைந்தபட்ச வாடகை ஒன்று இருப்பதும் இயல்பு. செலவைவிடக் கவனிக்க வேண்டியது தூக்கும் விதம். இரும்புச் சங்கிலியைப் பம்பரில் மாட்டித் தூக்கும் கிரேன்காரர்கள் உண்டு. பழைய காரின் பம்பர் அந்தப் பாரத்துக்கு ஏற்பட்டதன்று. அகலமான நாடாப் பட்டைகளை முன்சக்கரங்களுக்கு அடியில் ஒன்றும் பின்சக்கரங்களுக்கு அடியில் ஒன்றுமாகச் செலுத்தி, மேலே அவை ஒன்றையொன்று நெருங்காதபடி குறுக்குத் தடியொன்றைக் கொடுத்துத் தூக்க வேண்டும். தடி இல்லாவிட்டால் பட்டைகள் மேலே கூம்பிக் கூரையின் மழைவாரத்தையும் கதவுகளின் மேல்விளிம்பையும் நெருக்கிவிடும். பிறகு அந்தக் கதவு என்றைக்கும் சரியாகச் சாத்தாது.

ஏற்றியபின் கட்டும் விஷயத்தில் லாரிக்காரர்களுக்கும் கார்ப் பிரியர்களுக்கும் ஓயாத வாதம் நடக்கிறது. சரக்கு அசையக்கூடாது என்பது முன்னவர் நோக்கம். அதனால் எங்கே கயிறு நுழைகிறதோ அங்கே கட்டிவிடுகிறார்கள். ஆனால் காரின் உடலைக் கட்டி இறுக்கினால், சாலையின் குண்டுகுழிகளில் ஸ்பிரிங்குகள் அமுங்கி எழும்போதெல்லாம் கயிறு தளர்ந்தும் வெடுக்கென்று இழுபட்டும் ஏதோ ஒன்று அறும். சக்கரங்களையே கட்ட வேண்டும். டயரைச் சுற்றி ராட்செட் பெல்ட் போட்டு லாரியின் வளையங்களில் இறுக்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டைகளை லாரியின் பலகைத் தரையில் ஆணியடித்து நிறுத்திவிட்டால், காரின் உடல் தன் ஸ்பிரிங்குகளின்மேல் சுதந்திரமாக ஆடிக்கொண்டு வரும். பின் ஆக்ஸில் உறையில் சங்கிலி போடுவோர், அதன்மீது ஓடும் மெல்லிய பிரேக் குழாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போடுதல் நலம். அந்தக் குழாய் நசுங்கியதை ஊர் வந்து பிரேக் கட்டும்போதுதான் கண்டுபிடிப்பார்கள். முதல் ஐம்பது கி.மீ. கடந்ததும் ஒருமுறை நிறுத்தி இறுக்கிக்கொள்ளும்படி டிரைவரிடம் சொல்லி, டீச்செலவுக்கும் ஏதாவது கொடுத்துவைப்பது வீண்செலவாகாது. பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். தொட்டியிலுள்ள பழைய பெட்ரோலை வடித்துவிட வேண்டும். வீல் கப், சின்னம், கண்ணாடி போன்ற உதிரிகளைக் கையோடு எடுத்து வந்துவிட வேண்டும். காரின் உள்ளே வீட்டுச் சாமான்களைத் திணித்து அனுப்பும் சிக்கனம் விபரீதமானது. வழியில் ஏதேனும் காணாமற்போனால் கேட்பாரில்லை.

ரயிலைப் பற்றிப் பலர் ஆசையோடு விசாரிக்கிறார்கள். மோட்டார் கார்களை ரயிலில் ஏற்றிச் செல்வது ஒருகாலத்தில் சர்வசாதாரணம். பெட்டியின் முனையிலிருந்து காரை உள்ளே தள்ளுவதற்கு ஏற்ற மேடைகள் பெரிய நிலையங்களில் இருந்தன. இன்று பார்சல் ஆபீஸில் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் தாராளமாக ஏறுகின்றன. கார் ஏறுவது அபூர்வம். 23 டன் கொள்ளும் பார்சல் வேன்களில் எடைக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றின் கதவுகள் பக்கவாட்டில் இருப்பதால், உள்ளே நுழைத்த காரைத் திருப்புவதற்கு வழியில்லை. பயணிகளைச் சுமந்து ஆயுள் கழிந்த பழைய ரயில் பெட்டிகளை, ஜன்னல்களை அடைத்து முனைகளில் கதவு திறந்து கார் வண்டிகளாக ரயில்வே மாற்றியமைத்திருப்பது உண்மையே. பெரம்பூரில் பிறந்த பெட்டிகள் இவ்வாறு தம் அந்திமக் காலத்தில் புதுக் கார்களைச் சுமந்து திரிகின்றன. ஆனால் அவை முழு ரயிலாகக் கார்க் கம்பெனிகளுக்கு அமர்த்தப்படுபவை. நம் ஒற்றைக் காருக்கு அங்கே இடமில்லை. கொங்கண் ரயில்வே 1999 முதல் மகாராஷ்டிரத்தின் கோலாடுக்கும் கோவாவின் வெர்ணாவுக்கும் இடையே லாரிகளை அப்படியே ரயில்மேல் ஏற்றிச் சென்று வருகிறது. அது லாரிகளுக்காக ஏற்பட்டது. நம் கார் அந்த லாரிமேல் இருந்தால் அதற்கும் ரயில் யோகம் வாய்க்கலாம்.

கடல் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருபதடிக் கண்டெயினரின் உள்நீளம் 5.9 மீட்டர், அதில் ஒரு கார் சௌகரியமாக அடங்கும். நாற்பதடிக் கண்டெயினரில் இரண்டு பேர் சேர்ந்து இரண்டு கார்களை அனுப்பிச் செலவைப் பங்கிடலாம். கடல் கடந்து வருவதற்கு இது வழி. உள்நாட்டில், துறைமுகச் செலவுகளும் இரு முனைகளிலும் லாரி வாடகையும் சேரும்போது, கடல் தந்த மலிவு கரையில் கரைந்துவிடுகிறது.

காரைப் பிரித்து அனுப்பிவிடலாம் என்ற யோசனை ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு விசேஷமாகத் தோன்றும். ஏனெனில் அதன் உடல் தனிச் சட்டத்தின்மீது போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது, கழற்றக்கூடியது. நான் இதற்கு முற்றிலும் விரோதி. பிரித்த கார் பாதி விலைக்கும் பெறாது என்பது ஒருபுறம். பிரித்தவர் ஒருவர், பூட்டுபவர் வேறொருவர் என்றாகும்போது எந்த வாஷர் எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாமற்போகிறது. அதைவிட முக்கியம், சேஸிஸ் எண் ஓரிடத்திலும் எஞ்சின் எண் வேறோர் இடத்திலுமாகச் சாலையில் செல்லும் இரும்பு, சோதனைச் சாவடியில் திருட்டுச் சாமானாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

நஷ்டம் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம். 1865-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007-ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011-ஆம் வருஷத்து விதிகளும், சரக்கின் விலையை உயர்த்திக் குறிப்பிட்டு அதற்குரிய கட்டணம் செலுத்தாத வரையில், போக்குவரத்துக்காரரின் பொறுப்பை வாடகைத் தொகையின் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. மலிவாகப் பேசிய வாடகை இழப்பீட்டையும் மலிவாக்கிவிடுகிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறார்கள்? நஷ்டஈடு கோருபவர், சரக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். காருக்கு முழுமையான காப்பீடு இருந்தால் பெரும் ஆறுதல் உண்டு. நம் நாட்டு மோட்டார் காப்பீட்டுப் பத்திரத்தின் சொந்தச் சேதப் பகுதி, கார் சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி முதலியவற்றில் எடுத்துச் செல்லப்படும்போது நேரும் சேதத்தையும் ஏற்கிறது. ஆனால் நெடுநாள் நின்ற காருக்கு அத்தகைய பத்திரம் நடப்பில் இருப்பது அரிது. இல்லாதவர் ஒரு பிரயாணத்துக்கான சரக்குக் காப்பீட்டைத் தனியே எடுப்பது நலம். எப்படியாயினும் ஏற்றுவதற்கு முன்னும் இறக்கிய பின்னும் நான்கு பக்கங்களையும் அடிப்புறத்தையும் புகைப்படம் எடுத்து வைத்திருப்பவரிடம் யாரும் வீண்வாதம் செய்ய முடியாது.

கடைசியாகக் காகிதங்கள். கார் லாரிமேல் சரக்காக வருவதால் சாலையில் ஓடும் வண்டிக்குரிய சான்றுகள் பிரயாணத்துக்குத் தேவையில்லை, ஆனால் ஆர்.சி.யின் நகலும், விற்றவர் எழுதிக் கொடுத்த ரசீதும், காகிதத்தில் படியெடுத்த சேஸிஸ் எண்ணும் டிரைவர் கையில் இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் காரை முதலில் ஏற்றிவிட்டு, காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்போர்தான் அதிக கஷ்டத்துக்கு உள்ளாகிறார்கள். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கப்படும் காருக்கு அங்கே புதிய பதிவெண் பெற வேண்டுமென்றும், அதற்குப் பழைய அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டுமென்றும் மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கிறது. அந்த விண்ணப்பத்தின் பேரில் முப்பது நாள்களுக்குள் மறுப்பு எதுவும் தெரிவிக்கப்படாவிட்டால் சான்று அளிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்ற சலுகையும் அதே சட்டத்தில் உண்டு. பதிவின் பதினைந்து வருஷத் தவணை கடந்து, புதுப்பிக்கப்படாமலே கிடந்த காராயின், அதை எங்கே, எந்த நிலையில் சோதனைக்குக் காட்ட வேண்டும் என்பதைக் கார் அந்த ஊரில் இருக்கும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். டில்லியில் பதினைந்து வருஷம் கடந்த பெட்ரோல் கார்கள் ஓடலாகாதென்று உச்ச நீதிமன்றம் 2018-இல் விதித்ததன் பின்னர், அங்கிருந்து தெற்கே வந்த பழைய கார்கள் அநேகம். அவற்றுள் சில, காகிதம் பின்தொடராத காரணத்தால் இங்கே ஷெட்டுகளில் நிற்கின்றன. முதற் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்த கார்களுக்கு 2021-ஆம் வருஷத்து விதிகள் பழம்பெரும் வாகனம் என்ற தனி வகுப்பை உண்டாக்கி, பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளையும் பத்து வருஷச் செல்லுபடியையும் அளித்திருக்கின்றன. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். இந்தத் தொகையையும் போக்குவரத்துச் செலவின் கணக்கிலேயே சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.

லாரி வந்து நின்றதும் பாக்கி வாடகையைக் கொடுத்து, எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். டிரைவர் அவசரப்படுவார்; அடுத்த லோடு அவருக்காகக் காத்திருக்கிறது. காரை இறக்கி, தார்ப்பாயை அவிழ்த்து, வெளிச்சத்தில் ஒருமுறை சுற்றிப் பார்த்து, புதிதாக விழுந்த கீறலோ நசுங்கலோ ஏதாவது இருந்தால் அதை அந்த எல்.ஆரிலேயே எழுதி, அதன் கீழ் அவர் கையெழுத்தையும் வாங்கிய பிறகே நம் கையெழுத்தைப் போட வேண்டும்.